டேலியா கிழங்கைக் கோடை முழுக்க எங்கே வைப்பது? வடசென்னை மாடித் தோட்டத்துக்கு ஓர் ஒப்பீடு

மார்ச் முதல் வாரம் வந்துவிட்டால் எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் டேலியா முடிந்துவிடும். பூ சிறுத்துப்போகும், அடி இலை பழுக்கும், காலையில் தண்ணீர் ஊற்றினாலும் மதியம் செடி தலை தொங்கும். ஆனால் தொட்டி மண்ணுக்குள் அந்தச் செடி நான்கு மாதமாகச் சேர்த்துவைத்த கிழங்கு இருக்கிறது. அதைச் செப்டம்பர் கடைசி வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அடுத்த தை மாதம் அதே நிறம், அதே பூ. விட்டுவிட்டால் மறுபடியும் நர்சரிக்குப் போய், அன்றைக்கு என்ன நிறம் இருக்கிறதோ அதை வாங்கிவர வேண்டும்.

என்னிடம் அரக்குச் சிவப்பில் ஒரு டேலியா இருக்கிறது. இதழ் நுனியில் மட்டும் லேசாக வெளுத்திருக்கும். மாதவரம், செங்குன்றம் பக்க நர்சரிகளில் நான்கு வருடமாகத் தேடுகிறேன், அதே நிறம் இன்னொன்று கண்ணில் படவில்லை. அதை இழக்க மனசில்லாமல்தான் கிழங்கைக் காப்பாற்றும் ஒவ்வொரு வழியையும் செய்து பார்த்தேன். எது எனக்கு உதவியது, எது கைவிட்டது, யாருக்கு எது பொருந்தும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். டேலியா கிழங்கு சேமிப்பு என்று தேடினால் கிடைக்கிற குறிப்பெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுடையது. அங்கே அக்டோபர், நவம்பரில் உறைபனி விழுந்து இலை கருகும். மண்ணோடு கிழங்கும் உறைந்தால் அது கூழாகிவிடும். அதனால் தோண்டி எடுத்து, அட்டைப் பெட்டியில் மரத்தூளோ, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளோ போட்டு, வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் வைத்து, வசந்தத்தில் எடுத்து நடுகிறார்கள். அந்த நிலவறை 4 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். அவர்கள் முறை முழுவதும் அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் நடக்கிறது. நாம் பெட்டியையும் மரத்தூளையும் மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம்.

நமக்குக் காலமே தலைகீழ். சென்னையில் குளிர்ந்த மாதம் என்று சொல்லும் ஜனவரியிலும் இரவு 20, 21 டிகிரி அளவில் இருக்கும். அதுதான் நமக்கு டேலியா பூக்கும் காலம். மே மாதத்தில் பகல் 37, 38 டிகிரி சாதாரணம், இரவே 28 இருக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆக, அவர்கள் குளிரிலிருந்து காப்பாற்றும் அதே கிழங்கை நாம் வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஆறேழு மாதம்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோவின் மலைப்பகுதி. மாட்ரிட் நகரத்துத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த கவனில்லெஸ் 1791-ல், சுவீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். 1963-ல் மெக்சிகோ இதைத் தேசிய மலராக்கியது. அந்த மலையில் மழைக்காலத்தில் வளர்ந்து பூத்து, குளிர்ந்த, வறண்ட மாதங்களில் கிழங்காகத் தூங்குவதுதான் இதன் பழக்கம். நம்முடைய செங்காந்தளும் கிழங்குச் செடிதான். ஆனால் அது இங்கேயே பிறந்தது, கோடை வறட்சியிலேயே தூங்கப் பழகியது. அதன் கிழங்கைச் சாதாரண அறையில் வைத்தாலும் மழை வந்ததும் எழுந்துகொள்ளும். அதைப் பார்த்துவிட்டு டேலியாவையும் அப்படியே வைத்தால் ஏமாறுவோம். டேலியாவுக்குத் தூக்கம் என்றால் குளிர்ச்சி. இங்கே சூடு பட்டதும் ஒன்று நீர் இழந்து சுருங்கும், இல்லையென்றால் ஏப்ரலிலேயே முளைவிட்டு, இருக்கிற சத்தையெல்லாம் வெளிறிய தளிரில் கொட்டித் தீர்ந்துபோகும். ஈரம் அதிகமானால் அழுகல் வேறு.

எடுக்கும்போதே பாதி வேலை

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது பொது. பகல் குறுகும் காலத்தில்தான் டேலியா கிழங்கு வைக்கும். சென்னையில் டிசம்பர் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம், ஆக நவம்பர் முதல் பிப்ரவரி வரை நமக்குக் கிழங்கு சேரும் காலம். செடி பழுக்கத் தொடங்கும் வரை தோண்டாதீர்கள். பச்சையாக இருக்கும்போதே எடுத்த கிழங்கு தோல் முற்றாமல் சீக்கிரம் சுருங்கிவிடும்.

தண்டை நான்கு விரல் உயரம் விட்டு வெட்டிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு எடுங்கள். கரண்டியால் குத்தி எடுத்தால், கிழங்கு தண்டோடு சேரும் ஒல்லியான கழுத்து முறியும். டேலியாவில் முளைக்கண் கிழங்கின் உடம்பில் இருக்காது. பழைய தண்டின் அடியில், கிழங்கு வந்து சேரும் இடத்தில் மட்டும்தான் இருக்கும். உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டு நடுவில் வெட்டினால் வெறும் கிழங்குதான் கையில் மிஞ்சும், செடி வராது. கழுத்து முறிந்து தொங்கும் கிழங்கும் அப்படித்தான். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்துப் பயனில்லை.

தண்டு உள்ளே குழலாக இருக்கும். அதில் தண்ணீர் நின்றால் அழுகல் அங்கேதான் தொடங்கும். கழுவியதும் தலைகீழாக நிறுத்தி வடியவிடுங்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் கழுவ, குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். பிறகு நிழலில், மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள். குளிர்நாட்டுக் குறிப்பில் பல நாள் காயவைக்கச் சொல்வார்கள். நம் மார்ச் மாதக் காற்றில் அவ்வளவு நாள் விட்டால் கிழங்கு தொட்டால் மடங்கும் அளவுக்கு வாடிவிடும்.

பிரித்து வைப்பதா, கொத்தாக வைப்பதா? இடம் இருந்தால் கொத்தாகவே வைப்பது கிழங்குக்கு நல்லது, வெட்டுக்காயம் குறைவு. பிரிட்ஜில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். நம்மூர்ச் சூட்டில் எடுத்த சில நாளிலேயே கண் லேசாகத் தடித்துத் தெரியும், அப்போது வெட்டினால் தப்பு நேராது. கத்தியைச் சுடுநீரில் கழுவி, ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு கண்ணாவது வருகிற மாதிரி வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் கந்தகப் பொடி தொட்டுவைப்பேன். பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒரு சின்ன பொட்டலம் இரண்டு வருடத்துக்கு வரும்.

பரணில் அட்டைப் பெட்டி

நான் முதல் வருடம் செய்தது இதுதான். தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி, அட்டைப் பெட்டியில் கிழங்குகளை அடுக்கி, பரணில் ஏற்றிவிட்டேன். இருட்டு, உலர்ந்த இடம், யாரும் தொட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். ஜூன் மாதம் திறந்தபோது பதினான்கு கிழங்கும் சுக்கு மாதிரி இருந்தன. ஒன்றில்கூட உயிரில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. எங்கள் வீட்டுப் பரண் மொட்டை மாடித் தளத்துக்கு ஓர் அடி கீழே இருக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். வீட்டிலேயே மிகச் சூடான இடத்தைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறேன். உலர்ந்த மரத்தூள் வேறு கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. மேல் தளம் உள்ள வீடுகளில், கீழ்வீட்டுப் பரணாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மணல், சாம்பல், மண்பானை

"சேனைக்கிழங்கை நாங்க மணல்ல புதைச்சு வைப்போம், இதையும் அப்படி வை" என்று அம்மா சொன்னார். அம்மாவின் ஊர் பொன்னேரிப் பக்கம். அதனால் இரண்டாவது வருடம் பாதியை அப்படி வைத்தேன். அகலமான மண்சட்டியில் சலித்த மணல், நடுவில் கிழங்கு, மேலே கோணி. தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், வெயில் படாத மூலையில் வைத்தேன்.

சேனைக்குத் தடித்த தோல். டேலியாவுக்கு அப்படியில்லை, நகம் பட்டாலே கீறும். காய்ந்த மணலில் மூன்று வாரத்தில் சுருங்கத் தொடங்கிவிட்டது. சரி என்று லேசாகத் தண்ணீர் தெளித்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் முளை கிளம்பிவிட்டது. 30 டிகிரிக்கு மேல் ஈரமும் கிடைத்தால் கிழங்கு அதை நடவுக்காலம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சாம்பல் இன்னும் மோசம், ஈரத்தை அப்படியே இழுத்துவிடுகிறது. மணலைவிடக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், நல்லது. ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாகக் கொடுக்கும். ஆனால் அறைச் சூட்டில் அதிலும் முளைக்கும் சிக்கல் தீரவில்லை.

இன்னொரு யோசனையும் செய்து பார்த்தேன். பெரிய பானைக்குள் சின்ன பானை, நடுவில் ஈர மணல். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும் என்பது உண்மைதான். ஆனால் அது காற்று வறண்டிருக்கும் ஊருக்கு. வேலூரில் மண்பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாகச் சில்லென்று இருக்கும், ராயபுரத்தில் அதே பானை அவ்வளவு குளிர்விக்காது. கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானையின் ஈரம் மெதுவாகத்தான் ஆவியாகிறது. மே மாதம் உள்பானைக்குள் வெப்பமானி வைத்தேன். வெளியே இருப்பதைவிட சில டிகிரிதான் குறைந்தது. 10 டிகிரி தேவைப்படுகிற கிழங்குக்கு அது எந்த மூலைக்கு?

அப்புறம் எலி. வடசென்னையில் தரைத்தள வீட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டேலியா கிழங்கு மனிதர்கள் சாப்பிடத் தகுந்தது, மெக்சிகோவில் பழைய காலத்தில் உணவாகவே இருந்திருக்கிறது. பெருச்சாளிக்கும் அது தெரிகிறது. அந்த மண்சட்டியில் பிழைத்திருந்த நான்கு கிழங்கில் மூன்றை ஒரே இரவில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தரையில் எதை வைத்தாலும் கம்பி வலை போட்டு மூடுங்கள்.

எடுக்காமல் தொட்டியிலேயே விடுவது

அதே வருடம் மீதிப் பாதியைத் தோண்டாமல் விட்டேன். எதிர்பார்த்ததைவிட இது நன்றாக வந்தது. ஆறு தொட்டியில் மூன்று அக்டோபரில் தளிர்த்தது. அரக்குச் சிவப்பு பிழைத்ததும் இப்படித்தான்.

இதில் கிழங்கு தன் மண்ணிலேயே, தன் கழுத்து முறியாமல் இருக்கிறது. சுற்றியுள்ள மண் சூட்டை உடனே உள்ளே விடாது. ஆனால் தொட்டியை வெயிலிலேயே விட்டால் வெந்துவிடும், செடி வளர்க்கும் கறுப்பு பிளாஸ்டிக் பை (குரோ பேக்) என்றால் இன்னும் சீக்கிரம். மே மாத மதியம் மாடியில் வெயிலில் நிற்கும் குரோ பேக்கைத் தொட்டுப்பாருங்கள், கை வைக்க முடியாது. தண்டை வெட்டியதும் தொட்டியைத் தூக்கி வடக்குப் பார்த்த சுவரோரமோ படிக்கட்டுக்கு அடியிலோ வைக்க வேண்டும். மண் தொட்டி என்றால் நல்லது, 10 அங்குலத்துக்குக் குறையாமல்.

தண்ணீர்தான் இதில் கை பழக வேண்டிய இடம். அறவே நிறுத்தினால் காய்ந்துவிடும். இருபது நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர், தொட்டியின் ஓரமாக, அதுவும் மெட்ரோ தண்ணீர். காய்ந்துகொண்டே இருக்கும் மண்ணில் போர் தண்ணீரின் உப்பு தங்கித் தங்கி வேர் நுனியைக் கருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சாயங்காலம் இடியோடு பெய்யும் மழையிலிருந்தும் காக்க வேண்டும். அந்த ஒரு மழை தொட்டியை நிறைத்துவிட்டால், வெளியே 33 டிகிரிச் சூடு, உள்ளே சொதசொத மண், ஒரு வாரத்தில் கிழங்கு நாறும். நான் இழந்த மூன்றும் அப்படித்தான் போயின. இப்போது ஜூன் பிறந்தால் தொட்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிடுகிறேன்.

இடையில் முளை வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு தளிரைக் கிள்ளிவிட்டு, தண்ணீரை இன்னும் குறையுங்கள். பிரிட்ஜில் இடமில்லாதவர்களுக்கு, பத்துக்கு மேல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

செடியாகவே வைத்திருப்பது, மலைக்கு அனுப்புவது

கோடையிலும் ஒரு தாய்ச்செடியைப் பச்சையாக வைத்திருந்து, செப்டம்பரில் அதிலிருந்து பதியன் குச்சி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். டேலியாக் குச்சி இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும், நன்றாகவும் வரும். ஆனால் பச்சை வலைக்கு அடியில் தினம் இரண்டு வேளை தண்ணீர், செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி என்று ஆறு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு நாள் ஊருக்குப் போனால் முடிந்தது. நான் ஒரே ஒரு வருடம் முயன்று விட்டுவிட்டேன். வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, கை வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் செய்யலாம்.

ஊட்டியில் சொந்தக்காரர் இருக்கிறார், கொடுத்துவைக்கலாமா என்று ஒரு தோழி கேட்டார். கொடுக்கலாம். ஆனால் ஏப்ரல், மே அங்கே டேலியாவுக்கு வளரும் காலம். அறையில் வைத்தால் முளைத்துவிடும், அவர் நட்டுத்தான் ஆக வேண்டும். நட்டால் அங்கே அழகாகப் பூக்கும், நமக்குத் திரும்பி வரும்போது காலம் மாறியிருக்கும். பெங்களூரு வீட்டு அறையும் ஏப்ரலில் கிழங்குக்குச் சூடுதான்.

பிரிட்ஜ்

மூன்றாவது வருடத்திலிருந்து நான் இதற்கு மாறிவிட்டேன். இனி வேறு வழிக்குப் போக மாட்டேன். குளிர்நாட்டுக்காரரின் நிலவறைக்கு நம் வீட்டில் நிகரான இடம் காய்கறி டிரே ஒன்றுதான். மின்சாரமும் கூடுதலாக ஆகப்போவதில்லை, எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி.

ஆனால் பிரிட்ஜுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றில்லை. எங்களுடையது ஒற்றைக் கதவு. ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் சில நாள் பால் பாக்கெட்டே ஓரத்தில் உறையும். அங்கே கிழங்கை வைத்தால் உறைந்து, வெளியே எடுத்ததும் கூழாகிவிடும். கீழே கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்கும் காய்கறி டிரேதான் சரி. சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை இரண்டு நாள் உள்ளே போட்டுப் பாருங்கள். எங்களுடையதில் 6-லிருந்து 9 வரை காட்டியது, கிழங்குக்கு அளவெடுத்த மாதிரி. 3-க்குக் கீழே காட்டினால் குமிழைத் திருப்பிக் குளிரைக் குறையுங்கள்.

இரட்டைக் கதவு, பனி கட்டாத வகை பிரிட்ஜ் என்றால் வேறு கவனம் வேண்டும். அதில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், வெறுமனே வைத்த கீரை இரண்டு நாளில் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றி மட்டும் வைத்தால் ஆறு மாதம் தாங்காது. ஏதாவது ஒரு உறை கட்டாயம்.

உறையில் இரண்டு வழி பார்த்தேன். முதலாவது, கோகோபீட். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, பரப்பிவிட்டு, கையில் இறுக்கினால் ஒரு சொட்டும் வராத பதத்துக்கு உலரவிட வேண்டும். கட்டியில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு முறை அலசிவிடுங்கள். ஜிப் கவரில் ஒரு கைப்பிடி கோகோபீட், ஐந்தாறு கிழங்கு, மேலே மறுபடி கோகோபீட். கவரில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை. இரண்டாவது, கிளிங் ஃபிலிம், உணவை மூடும் மெல்லிய ஒட்டு பிளாஸ்டிக் தாள். கழுவி நன்றாக நிழலில் உலர்ந்த கிழங்கை, ஒன்றை வைத்து ஒரு சுற்று, அடுத்ததை வைத்து இன்னொரு சுற்று என்று, ஒன்றையொன்று தொடாமல் சுருட்டுவது. ஒன்று அழுகினாலும் பக்கத்துக் கிழங்குக்குப் பரவாது. இடமும் மிகக் குறைவு, இருபது கிழங்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் அடங்கிவிட்டது. வெளி அறையில் இதையே செய்தால் உள்ளே வியர்த்து அழுகிவிடும். குளிரில் மட்டும்தான் கிளிங் ஃபிலிம் கைகொடுக்கும்.

இரண்டில் எது? பருத்த கிழங்குக்கு இரண்டுமே சரியாக வந்தது. விரல் பருமன் கிழங்கு, தொட்டியில் வளர்ந்த சின்னக் கொத்து, இவை கிளிங் ஃபிலிமில் ஆகஸ்டுக்குள் கொஞ்சம் வாடின, கோகோபீட்டில் அப்படியே இருந்தன. நர்சரியில் குச்சியிலிருந்து வளர்த்து விற்கும் செடிகளில் பெரும்பாலும் சின்னக் கிழங்குதான் இருக்கும். அதனால் முதல் முறை வைப்பவர்கள் கோகோபீட்டிலேயே தொடங்குங்கள்.

வீட்டில் சண்டை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கறிகாய்க்கே இடம் இல்ல, இதுல பூக்கிழங்கு வேறயா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பிரிட்ஜ் 190 லிட்டர், டிரே சின்னது. அதனால் எல்லாவற்றையும் வைக்கும் ஆசையை விட்டுவிட்டேன். ஒரு நிறத்துக்கு மூன்று கிழங்கு, அதுவும் நல்ல கண் உள்ளது மட்டும். ஒன்று போனாலும் இரண்டு இருக்கும். மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெருக்கோடியில் தோட்டம் போடும் அண்ணனுக்கும் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் வீட்டில் பிழைத்தால், என்னுடையது போனாலும் ஒரு கண் திரும்பக் கிடைக்கும்.

கவரின் மேல் பெரிதாக "டேலியா, சமைக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். கிழங்கின் மேலேயே மார்க்கர் பேனாவால் நிறத்தை எழுதிவிடுவது இன்னும் நல்லது, கவர் மாறினாலும் பெயர் மாறாது. பழுத்த பழங்கள் விடும் எத்திலீன் வாயு முளைகளைப் பாதிக்கக் கூடியது என்பதால் மாம்பழக் காலத்தில் அந்த டிரேயில் பழம் வைக்க விடுவதில்லை.

மின்வெட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கோடையில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்கப் போனாலும் அறைச் சூட்டுக்கு ஒரு நாள் வந்துபோவதால் கிழங்கு சாகாது. வீடு மாறும்போது என்னுடையது இரண்டு நாள் பையிலேயே கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரம் பல நாள் வராத தெருக்கள் நம் பக்கம் நிறைய. ஆனால் டிசம்பரில் கிழங்கு பிரிட்ஜில் இருக்காது, தொட்டியில் செடியாக இருக்கும். அந்தப் புயலில் எனக்குப் போனவை கீழே வாசலில் வைத்த இரண்டு தொட்டிகள். தண்ணீர் இரண்டு நாள் வடியவில்லை. மாடியில் இருந்தவை இலை கிழிந்ததோடு தப்பின.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைத் திறந்து பாருங்கள். தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். லேசாகச் சுருங்கியிருந்தால் விரலைத் தண்ணீரில் நனைத்து, கோகோபீட்டில் நாலு சொட்டு உதறினால் போதும். தோலில் வெள்ளைப் பூசணம் மட்டும் என்றால் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, இன்னும் இரண்டு துளை போடுங்கள். மெத்தென்று அமுங்கினால் அந்தக் கிழங்கை உடனே தூக்கிவிடுங்கள். நுனி மட்டும் அழுகியிருந்தால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டிவிட்டு, கந்தகம் தொட்டு, தனிக் கவரில் வைக்கலாம். கழுத்தில் அழுகல் என்றால் காப்பாற்ற முடியாது. சில நிறங்கள் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் தாங்குவதில்லை. என்னிடம் ஒரு வெள்ளை இரண்டு வருடமும் ஜூலையைத் தாண்டவில்லை. அதை மட்டும் இப்போது தொட்டியில் விட்டுப் பார்க்கிறேன்.

ஆக, உங்களிடம் இருப்பது இருபது கிழங்குக்குள் என்றால் யோசிக்காமல் பிரிட்ஜ். அதற்கு மேல் என்றால் பிடித்த நிறங்களில் மூன்று மூன்று பிரிட்ஜில், மீதி நிழலில் தொட்டியோடு. பிரிட்ஜே இல்லை, தரைத்தளமும் இல்லை, வீட்டுக்கு மேலே நேராக மொட்டை மாடிதான் என்றால், கீழே நிழல் உள்ள நண்பர் வீட்டில் தொட்டியைக் கொடுத்துவையுங்கள். எந்த நிறம் வந்தாலும் மகிழ்ச்சி என்பவர் ஒவ்வொரு கார்த்திகையிலும் புதுச்செடி வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

எழுப்பும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறு மாதம் காத்ததை இங்கேதான் நிறையப் பேர் இழக்கிறார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் வெளியே எடுப்பேன். எடுத்ததும் நேராகத் தொட்டியில் நட்டால் அக்டோபர் மழையில், வேர் இல்லாத கிழங்கு அழுகிவிடும். முதலில் அறைக்குள், ஒரு தட்டில் ஈரக் கோகோபீட் பரப்பி, கழுத்து வெளியே தெரியும்படி படுக்கவைக்கிறேன். ஒன்று முதல் மூன்று வாரத்தில் கழுத்தில் இளஞ்சிவப்பாகக் கண் விழிக்கும். தளிர் இரண்டு அங்குலம் வந்ததும் சின்னத் தொட்டிக்கு மாற்றி, தகரக் கூரைக்குக் கீழே, மழை படாமல் வெளிச்சம் மட்டும் படுகிற இடத்தில் வைப்பேன். அதற்கு முன், தட்டில் இருக்கும்போது, தளிர் வரும் வரை தண்ணீர் ஊற்றுவதில்லை. ஐப்பசி அடைமழை இரண்டு சுற்று அடித்து ஓய்ந்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றம். போன வருடம் அரக்குச் சிவப்பு ஜனவரி 9 அன்று முதல் மொட்டை விட்டது.